அடுப்புக் கட்டி மூன்று: கோபன்ஹேகன் வானொலி பிக் பேண்ட் பற்றிப் பேசியது

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, ஓயாத பணிகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே (கதவோரத்து நாற்காலியைப் பிடித்திருக்கிறீர்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை), இசைப்பள்ளித் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் சீவாளி டப்பாவோடு அமர்ந்திருக்கும் நாதஸ்வர வித்வான் அண்ணாச்சி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, மைக் இரைந்தால் ஓடிவரும் சவுண்டு சர்வீஸ் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஐரோப்பாவில் ஜாஸ்’. கொடுத்த நேரம் நாற்பது நிமிஷம். பொன்னாடை போர்த்தியதில் பதினைந்து போய்விட்டது. ஆகவே ஐரோப்பா முழுக்கச் சுற்றாமல் ஒரே ஊருக்குக் கூட்டிப்போகிறேன்: டென்மார்க்கின் தலைநகரம் கோபன்ஹேகன். அங்கே அரசு வானொலிக்குச் சொந்தமாக ஒரு பிக் பேண்ட் இருக்கிறது. 1964-இல் தொடங்கியது, இன்றும் புதுசு புதுசாக வாசித்துக்கொண்டிருக்கிறது.

என் பாட்டி ஒரு பழமொழி சொல்லுவாள்: அரிசி ஆழாக்கானாலும் அடுப்புக் கட்டி மூன்று வேண்டும். ஜாஸ் கேட்பவர்கள் எந்த ஊரிலும் ஆழாக்கு அரிசிதான். ஆனால் கோபன்ஹேகன்காரன் மூன்று கட்டியையும் போட்டுவைத்தான். ஒன்று, மாதச் சம்பளம். இரண்டு, ஒத்திகைக்கு இடம். மூன்று, அந்தக் குழுவுக்கென்றே புதிதாக எழுதித் தர ஆள். மூன்றையும் சொல்கிறேன்.

முதலில், பிக் பேண்ட் என்றால் என்ன? பொதுவாக சாக்ஸபோன் ஐந்து, டிரம்பெட் நான்கு, டிராம்போன் நான்கு, அப்புறம் பியானோ, கிதார், பாஸ், டிரம்ஸ். பதினேழு பேர். ஜாஸ் என்றால் மனம்போல வாசிப்பது என்று ஒரு எண்ணம் நமக்கு. பதினேழு பேரும் மனம்போல வாசித்தால் அது சந்தைக்கடை. யார் எந்த ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் பதினாறு பேர் வாயை மூட, ஒருவர் மட்டும் எழுந்து தன் கற்பனையைக் காட்ட வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு வழிவிடுகிறோமே, அதையே தாளில் எழுதிவைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை. டிரம்பெட் வாசிப்பவர் காலடியில் ஒரு ரப்பர் கிண்ணம் இருக்கும். கழிவறை அடைப்பை எடுக்கும் குச்சியின் தலையில் இருக்குமே, சாட்சாத் அதேதான். குச்சியைக் கழற்றிவிட்டு இடது கையில் பிடித்து, டிரம்பெட்டின் வாயை மூடி மூடித் திறந்தால், வாத்தியம் குழந்தை அழுகிற மாதிரி ‘வா வா’ என்கிறது. அண்ணாச்சி சிரிக்கிறார். கடையில் புதிதாகத்தான் வாங்குவார்கள் என்று நம்புவோம்.

சரி, கதைக்கு வருகிறேன். டென்மார்க்கில் லியோனி சோனிங் இசைப் பரிசு என்று ஒன்று உண்டு. 1959-இல் முதன்முதலாக அதை வாங்கியவர் ரஷ்யாவில் பிறந்த பெரிய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி. அப்படிப்பட்ட பரிசை 1984-இல் அமெரிக்க டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸுக்குக் கொடுத்தார்கள். ஒரு ஜாஸ்காரருக்கு அது போனது அதுவே முதல் தடவை. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? மாலை, சந்தன மாலை, ஆளுயர மாலை, ஐந்து பேர் வாழ்த்துரை. அவர்கள் அந்த ஊர் டிரம்பெட் கலைஞர் பல்லே மிக்கல்போர்க்கைக் கூப்பிட்டு, ‘இவருக்காக ஒரு புது இசை எழுதிக் கொடு’ என்றார்கள்.

மிக்கல்போர்க் என்ன செய்தார் தெரியுமா? மைல்ஸ் டேவிஸ் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் பத்து எழுத்து. எழுத்துக்கு ஒரு ஸ்வரம் வைத்தார். பெயரே ஒரு மெட்டாகிவிட்டது! அந்த மெட்டிலிருந்து பத்துப் பகுதிகள். முகப்பு ஒன்று, மற்ற ஒன்பதுக்கும் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று நிறங்களின் பெயர். மொத்தத்துக்கும் பெயர் ‘ஆரா’. (நம் கூட்டத் தலைவரின் பெயரை இனிஷியலோடு அப்படிப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆவர்த்தனத்துக்குள் அடங்கவில்லை. மன்னிக்க வேண்டும் ஐயா.)

1984 டிசம்பரில் விழா. அந்த இரவோடு முடிந்திருக்க வேண்டிய சமாசாரம். மைல்ஸ் சும்மா இருக்கவில்லை. சில வாரங்களில் திரும்ப கோபன்ஹேகனுக்கே வந்து, 1985 தொடக்கத்தில் அந்த வானொலிக் குழுவோடு உட்கார்ந்து முழுவதையும் ஒலிப்பதிவு செய்தார். கிதாருக்கு ஜான் மெக்லாஃப்லின் வந்தார். நம் கடம் விக்கு விநாயக்ராமோடு ‘சக்தி’ என்ற குழுவில் வாசித்தாரே, அவரேதான். தாளவாத்தியம் வாசித்த மேரிலின் மசூரை மைல்ஸ் தன் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார். இசைத்தட்டு 1989 வரை வெளிவரவில்லை. வந்ததும் கிராமி விருது.

இதில் என் கண் எங்கே போகிறது என்றால், மாதச் சம்பளத்துக்கு வந்து தாளைப் பிரித்து வாசித்தார்களே, அந்த வானொலிக் கலைஞர்கள் மேல். முதல் கட்டி அதுதான். ஆழாக்கு அரிசிக்கு மூன்று கட்டி!

மூன்றாவது கட்டியைச் சொல்லிவிடுகிறேன்: எழுதுகிற ஆளைத் தேடி அவர்கள் எங்கெங்கோ போயிருக்கிறார்கள். நியூயார்க்கில் திங்கள்கிழமை தோறும் வாசித்துப் பேர் வாங்கிய பெருங்குழுவின் தலைவர் தாட் ஜோன்ஸ், எழுபதுகளின் கடைசியில் இவர்களிடம் வந்தார். 1986-இல் அவர் இறந்ததும் கோபன்ஹேகனில்தான். அவருடைய நியூயார்க் குழுவில் பியானோ வாசித்த ஜிம் மெக்நீலி பிற்பாடு இதே கோபன்ஹேகன் குழுவுக்குத் தலைமை ஏற்று எழுதினார். 2019-இல் தலைமை நடத்துநராக வந்தவர் மிஹோ ஹஸாமா. ஜப்பானியப் பெண், நியூயார்க்வாசி. சொந்த ஊர்க்காரர் இல்லையே என்று யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை.

இரண்டாவது கட்டி, இடம். வானொலிக்கு 2009-இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் நீலப் பெட்டி மாதிரி ஒரு பெரிய இசையரங்கம் கட்டிக்கொடுத்தார். இதைப் பற்றி நிறையச் சொல்லலாம், நேரம் இல்லை.

கட்டியை உருவினால் என்ன ஆகும் என்றும் அதே வானொலி காட்டியிருக்கிறது. 1939-இல் தொடங்கிய தன் சிறிய ஆர்கெஸ்ட்ராவை மூடப்போவதாக 2014-இல் அறிவித்தது. பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமாம். கலைஞர்கள் தனியாக நின்று, நன்கொடை திரட்டி, இன்னும் வாசிக்கிறார்கள். ஆனாலும் இரண்டு கட்டியில் பானையை நிறுத்துவது எவ்வளவு அவஸ்தை!

அம்மையார் எழுந்திருக்கிறார், இன்னும் இரண்டே நிமிஷம். 1952-இல் ஆல் இந்தியா ரேடியோ வாத்திய விருந்தா என்ற குழுவை வைத்து, சிதார் ரவிசங்கரையும் நம் வயலின் வித்வான் டி.கே. ஜெயராம ஐயரையும் அதற்கு எழுத வைத்தது. ஆக, இது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. நான் கேட்பது சின்னது. நம் ஊர் இசைப்பள்ளியில் படித்து முடித்த பிள்ளைகளில் பன்னிரண்டு பேர். நாதஸ்வரம், தவில், வயலின், புல்லாங்குழல், கடம். மாதச் சம்பளம். வருஷத்துக்கு ஒரு புது உருப்படி, எழுதுபவருக்குத் தனிக் கூலி. கல்யாண முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அண்ணாச்சியைக் கேளுங்கள். போன ஆடியில் ஒரு தவில்காரத் தம்பி எனக்கு சிலிண்டர் கொண்டுவந்து இறக்கினான்.

மனு அச்சடித்து வந்திருக்கிறது. இடது பக்கத்திலிருந்து வருகிறது. கையெழுத்தைப் புரிகிற மாதிரிப் போடுங்கள், பக்கத்தில் வார்டு எண்ணும் வேண்டும். அம்மையார், உங்களுக்கு முதல் பிரதி. பேனா தலைமையாசிரியர் ஐயாவுடையது, கடைசி வரிசையில் இருப்பவர் மறக்காமல் மேடைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.