தெருவுக்குத் தார் போடும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் தெருவில் புது ரோடு போடப்போகிறார்கள் என்று சேதி வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அந்த ரோடு பல வீடுகளுக்குத் தண்ணீரையும் கொண்டுவந்துவிடுகிறது என்பது ஐப்பசி மழையில்தான் தெரிகிறது. ஒரு முறை தார் போட்டால் மேல் அடுக்கு சுமார் நான்கு சென்டிமீட்டர். பழைய தாரை எடுக்காமல் அதன்மேலேயே மூன்று முறை போட்டால் பன்னிரண்டு சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து அங்குலம். நம் வாசலில் ஒரு படியை ரோடு விழுங்கிவிட்டது என்று அர்த்தம். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, தெருதான் மேலே ஏறிவிட்டது.

பழைய தாரை எவ்வளவு கனத்துக்குச் சுரண்டி எடுக்கிறார்களோ, அவ்வளவு கனத்துக்குத்தான் புதுத் தார் போட வேண்டும். இதை மில்லிங் என்கிறார்கள். ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் மேல் அடுக்கு போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். ஆகவே மில்லிங் கேட்பதைச் சலுகை கேட்பதாக நினைத்துத் தயங்க வேண்டாம். ஆனால் தார் லாரி தெருமுனைக்கு வந்த பிறகு கேட்டால் எதுவும் நடக்காது. அன்று மேஸ்திரியிடம் சண்டை போட்டாலும் பயனில்லை, மில்லிங் மெஷினைக் கூப்பிடும் அதிகாரம் அவரிடம் இல்லை. கேட்க வேண்டிய நேரம், அந்த வேலைக்கான செலவு மதிப்பீடு போடும்போது. அது தவறிவிட்டால், வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பாவது கேட்டுவிடுங்கள்.

யாரிடம் கேட்பது? சென்னையில் பேருந்து போகும் ரோடுகளை மாநகராட்சியின் தனித் துறை பார்க்கிறது. உட்புறத் தெருக்கள் மண்டல அலுவலகத்தின் கீழ் வருகின்றன. உங்கள் வார்டின் உதவிப் பொறியாளர், நாம் ஏ.ஈ. என்று சொல்கிறவர், அவர்தான் முதல் ஆள். சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அங்கே மாநகராட்சியில் புகார் கொடுத்தால் கடிதம் ஒரு மாதம் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். எனவே ரோடு யாருடையது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். வார்டு எண், தெருவின் பெயர், எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை என்று சொல்லுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணையும் தேதியையும் எழுதிவையுங்கள். எண் இல்லாத புகாரை அடுத்த முறை யாரும் தேடி எடுக்க முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. நகரங்களில் வார்டைப் பகுதிகளாகப் பிரித்து ஏரியா சபை நடத்த வேண்டும் என்று 2022-இல் விதிகள் வந்தன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். கிராமங்களில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பேசினால் மட்டும் போதாது. கோரிக்கையை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று நின்று பாருங்கள்.

இப்போது மட்டம் அளப்பதைச் சொல்கிறேன். தெருக்காரர்கள் செய்யக்கூடிய வேலைகளில் இதுதான் பெரியது, செலவும் மிகக் குறைவு. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். அரை அங்குலக் கண்ணாடிக் குழாய், அதாவது உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் ஓஸ், பத்து மீட்டர் வாங்குங்கள். வாளியை உயரத்தில் வைத்து மெதுவாகத் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் அளவு பொய்யாகிவிடும். குழாயை ஒளிபடப் பிடித்து முழு நீளமும் பாருங்கள், குமிழி இருந்தால் விரலால் தட்டித் தட்டி மேலே அனுப்புங்கள். அளக்கும்போது இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒரு முனையில் கட்டைவிரல் அழுத்தியிருந்தாலோ, நடுவில் குழாய் மடிந்திருந்தாலோ தண்ணீர் மட்டத்துக்கு வராது.

கேட் தூணில், எளிதில் அழியாத இடத்தில், பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். குழாயின் ஒரு முனையை அந்தக் கோட்டருகே பிடியுங்கள். மறு முனையை ரோட்டின் நடுவில் நிறுத்திய அளவுகோலை ஒட்டிப் பிடியுங்கள். தூணில் தண்ணீர் சரியாகக் கோட்டுக்கு வரும்வரை முனைகளை ஏற்றி இறக்கி, ஆட்டம் அடங்கியதும் அளவுகோலில் படியுங்கள். தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர் என்று வந்தால், ரோட்டின் நடு முதுகு உங்கள் கோட்டிலிருந்து அவ்வளவு கீழே இருக்கிறது. வேலை முடிந்த பிறகு அதே இடத்தில் எண்பத்தெட்டு வந்தால் ரோடு நான்கு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. தெருவின் இரு முனையிலும் நடுவிலுமாக நான்கைந்து வீட்டு வாசலில் இப்படி அளந்து, ஒரே நோட்டில் தேதியோடு எழுதி, அந்தந்த வீட்டுக்காரர் கையெழுத்தும் வாங்குங்கள். பிறகு ஏ.ஈ.யைப் பார்க்கும்போது "ரோடு உயர்ந்துபோச்சு சார்" என்று பொதுவாகச் சொல்ல வேண்டியிருக்காது, நோட்டையே காட்டலாம்.

மில்லிங் செய்யும் நாளில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சில இடங்களில் மில்லிங் மெஷினுக்குப் பதில் ஜே.சி.பி. வைத்துப் பெயர்க்கிறார்கள். அது தாரை மட்டும் எடுக்காது, அடியில் கெட்டித்துக் கிடக்கும் ஜல்லியையும் கிளறிவிடும். மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அந்த இடம் உட்கார்ந்துவிடும். மில்லிங் முடிந்த தரை வரிவரியாக இருக்கும், அந்த வரிகளுக்குள் தூள் நிறைந்திருக்கும். துடைப்பத்தால் பெருக்கி, கம்ப்ரெசர் காற்றால் ஊதி எடுக்க வேண்டும். தூளின்மேல் தார் போட்டால், சப்பாத்தி மாவில் ஒட்டாத வறட்டு மாவு போல அடுக்கு தனியாக நின்று, ஒரு மழைக்குப் பிறகு தகடு தகடாகப் பெயரும். சுரண்டிய தெருவை வாரக்கணக்கில் அப்படியே விட்டாலும் ஆபத்து. வரிகளில் இருசக்கர வண்டி டயர் இழுபடும், துருத்திக்கொண்டிருக்கும் மேன்ஹோல் மூடியில் இரவில் மோதுவார்கள். எல்லா மூடியும் புதுத் தாரின் மட்டத்துக்கு வர வேண்டும். தார் மூடிய மேன்ஹோலைப் பின்னால் தேடி உடைப்பது புது ரோட்டின் முதல் பள்ளமாகிவிடும். கழிவுநீர் மூடிகள் சென்னையில் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, 044-45674567-க்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மழைநீர் வடிகாலுக்குத் தண்ணீர் இறங்கும் ஓட்டைகள்மேல் ஒரு கண் இருக்கட்டும். ரோட்டோரத்தில் நீளவாக்கில் இருக்கும் அந்தத் திறப்புகளைத் தார் அடைத்துவிடுவதைப் பல தெருக்களில் பார்க்கலாம். வடிகால் காலியாகக் கிடக்கும், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ரோலர் போன கையோடு, தார் சூடாக இருக்கும்போதே, மண்வெட்டியால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மறுநாள் அது கல்லாகிவிடும்.

தார்க் கலவை வரும்போது லாரிமேல் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறதா பாருங்கள். பரப்பும்போது 140 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும், ரோலர் வேலை முடியும்போது 90 டிகிரிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பயன்படும் வி.ஜி. 30 தாருக்கான தேசிய அளவு. மேற்பார்வையாளரிடம் வெப்பமானி இருக்க வேண்டும், காட்டச் சொல்லலாம். ஆறிப்போன கலவை கட்டிகட்டியாக விழும், ரோலர் போனாலும் துளைகள் தெரியும். நீலப் புகை அடர்த்தியாக வந்தால் தார் கருகியிருக்கிறது. கலவைக்கு முன் ஒட்டுப்பசை போல எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலந்த தார், தெளிக்க வேண்டும். தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும், சிறிது நேரத்தில் கறுப்பாகும். கறுப்பான பிறகுதான் கலவை பரப்ப வேண்டும். தரையில் ஈரமிருந்தால் அன்று வேலையே கூடாது.

எவ்வளவு கலவை வர வேண்டும் என்பதையும் நீங்களே கணக்குப் போடலாம். நூறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், நான்கு சென்டிமீட்டர் கனம் என்றால் இருபது கன மீட்டர். கெட்டித்த தார்க் கலவை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.35 டன். ஆக நாற்பத்தேழு டன். பதினைந்து பதினாறு டன் ஏற்றும் லாரி மூன்று முறை வர வேண்டும். இரண்டே லாரியில் தெரு முடிந்தால் கனம் குறைந்திருக்கிறது. அதே தெருவுக்கு எமல்ஷன் சதுர மீட்டருக்குக் கால் கிலோ வீதம் 125 கிலோ வேண்டும். பரப்பிய கலவை ரோலர் ஏறுமுன் ஐந்து சென்டிமீட்டர் இருந்தால்தான் அமுங்கி நான்காகும். ஒரு கம்பியைக் குத்தி அளப்பது வேலையாட்களுக்கே பழக்கம்தான், "அண்ணே, கொஞ்சம் குத்திப் பாருங்க" என்று மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள். அந்தச் சூட்டில் நிற்கிறவர்கள், மோர் கொடுத்துக் கேளுங்கள்.

ரோட்டின் நடு உயர்ந்து இரு ஓரமும் சரிய வேண்டும். ஆறு மீட்டர் அகல ரோட்டில் ஓரத்தைவிட நடு முதுகு ஆறு முதல் ஏழரை சென்டிமீட்டர் உயரம் இருந்தால் தண்ணீர் ஓரத்துக்கு ஓடும். ஓடிய தண்ணீரை நாமே மறிக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காரை ஏற்றுவதற்காக வாசலிலிருந்து ரோட்டுவரை சிமென்ட் சாய்தளம் போட்டு வடிகால் ஓட்டையை மூடிய வீடு ஒன்று இருந்தால் போதும், அதற்கு மேல்பக்கத்து நான்கு வீட்டிலும் தண்ணீர் நிற்கும். சாய்தளத்தை கேட்டுக்கு உள்பக்கம் வைத்துக்கொள்ளலாம். ரோட்டில் தண்ணீர் நின்றால் தாருக்கும் ஜல்லிக்கும் இடையே ஈரம் புகுந்து ஒட்டுதல் போய்விடும், அதன்மேல் வண்டி ஏறும்போது ஜல்லி தனித்தனியாகக் கழலும். தினமும் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரும் நிறைந்து வழியும் தொட்டித் தண்ணீரும் ஒரே இடத்தில் ஓடினால், மழை இல்லாத மாதத்திலும் அங்கே பள்ளம் விழுவது இதனால்தான். கல்யாணம், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடும்போது ரோட்டைக் குடைந்து கால் நடாதீர்கள். மணல் நிரப்பிய டின்னில் கம்பத்தை நிறுத்தினால் போதும்.

ரோடு போடப்போகிறார்கள் என்று தெரிந்தால், குடிநீர் அல்லது கழிவுநீர் இணைப்பு வாங்க வேண்டிய வீடுகள், கசியும் குழாய் உள்ள வீடுகள் எல்லாம் முன்னதாகவே அந்த வேலையை முடித்துவிடுங்கள். பின்னால் வெட்டினால் அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். வெட்டிய பள்ளத்தை மண்ணைத் தள்ளி ஒரே மூச்சில் மூடுவதால்தான் அது அடுத்த மழையில் இறங்குகிறது. பதினைந்து இருபது சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து, பிறகு அடுத்த அடுக்கு என்று மூட வேண்டும்.

பழைய நாளில் உயர்ந்துவிட்ட தெருக்களில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், அதாவது வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் தெருவோரப் பெட்டி, தாழ்ந்துகிடக்கும். அதன் கதவுக்குள் மழைத் தண்ணீர் புகும் உயரத்தில் இருந்தால் காத்திருக்காதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. பெட்டியை உயர்த்தக் கேளுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மில்லிங் செய்யாமல் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் சுரண்டவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விக்குப் பதில் தராமல் நழுவ இடமுண்டு. ஆவணமாகக் கேளுங்கள்: அந்தத் தெருவுக்கான மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை, ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்பு எந்தத் தேதிவரை என்ற விவரம். மில்லிங் தனி இனமாக மதிப்பீட்டில் இருக்கும். எம்-புக்கில் அதற்கு அளவு எழுதிப் பணம் போயிருந்தால், உங்கள் நோட்டிலுள்ள மட்டத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அதே சட்டம் வழி தருகிறது. இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. முப்பது நாளில் பதில் வராவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிடுங்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் பள்ளம் விழுந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அந்தத் தேதி கையில் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

புது ரோடு போட்ட கையோடு வேகத்தடை கேட்பவர்கள் உண்டு. தேசிய அளவின்படி அது 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய முதுகு. மீதிக் கலவையைக் குவித்துக் கட்டும் குட்டைத் திண்டு முதுகெலும்பை உடைக்கும். கேட்பதானால் அளவோடும், வெள்ளைக் கோட்டோடும் எழுதிக் கேளுங்கள்.

முதல் நல்ல மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து, நான்கு பேராகத் தெருவில் ஒரு நடை நடங்கள். தண்ணீர் எங்கெங்கே நிற்கிறதோ அதன் விளிம்பைச் சாக்பீஸால் வரைந்து, நடுவில் அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்து, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே என்று எழுதிக்கொள்ளுங்கள். ஈரம் காய்வதற்குள் 1913-க்கு அழையுங்கள்.

வணக்கம்.