மூடுபனியில் கண் கணிக்கும் வேகம்: ஒரு பார்வை ஆய்வகத்தின் மனிதர்கள்

[காட்சி: கல்லட்டி மலைப்பாதை, காலை. மூடுபனிக்குள் கொண்டை ஊசி வளைவின் எண் பலகை மங்கலாகத் தெரிகிறது.]

மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தப் பாதையில் மூடுபனி இறங்கியிருக்கும்போது வண்டி ஓட்டும் ஒருவருக்குத் தம் வேகம் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றுமா, கூடுதலாகத் தோன்றுமா? கேட்பதற்கு எளிதான இந்தக் கேள்விக்குப் பார்வை நரம்பியல் ஆய்வகங்கள் 1982 முதல் 2012 வரை தந்த விடைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இந்த ஒரு கேள்வி ஆய்வகத்துக்குள் எவர் எவர் கைக்கு மாறிச் செல்கிறது என்று பார்த்தால், அங்கே உண்மையில் வேலை செய்பவர்கள் யார் என்பதும் விளங்கிவிடும்.

[காட்சி: முத்தோரை ரேடியோ தொலைநோக்கி. பின்னர் ஜன்னலற்ற ஒரு சிறிய அறை.]

நீலகிரிக்கு ஆய்வுக்கூடங்கள் புதியவை அல்ல. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்குகிறது. முத்தோரையில் மலைச்சரிவோடு 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைச் சாலையில் போகிறவர்களும் பார்க்கலாம். பார்வை ஆய்வகத்துக்கு அப்படி ஒரு வெளித்தோற்றம் கிடையாது. பல்கலைக்கழகத்தின் ஏதோ ஒரு தளத்தில் கறுப்பு வண்ணம் பூசிய அறை, ஒரு கணினித் திரை, அதன் முன்னே முகவாயைப் பதித்துத் தலையை அசையாமல் வைத்துக்கொள்ள ஒரு தாங்கி: பல ஆய்வகங்களில் காணக்கூடியது இவ்வளவுதான்.

ஆய்வகத்துக்குப் பொறுப்பானவர் பேராசிரியர். பெயர்ப்பலகையில் இருப்பது அவர் பெயர்தான் என்றாலும், அவருடைய நேரத்தில் பெரும்பகுதி நிதி விண்ணப்பங்களிலும் கட்டுரைத் திருத்தங்களிலும் வகுப்புகளிலும் கழிகிறது. ஆகவே அவரை இத்துடன் விட்டுவிட்டு, திரையில் என்ன தோன்ற வேண்டும் என்று நிரல் எழுதும் ஆய்வு மாணவரிடம் செல்வோம். என் கணிப்பில், ஓர் ஆய்வின் முடிவு வேறு எவரையும்விட அவர் கையில்தான் அதிகம் இருக்கிறது.

[காட்சி: நகரும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். மெல்ல மங்குகின்றன.]

1982ஆம் ஆண்டு பீட்டர் தாம்சன் என்ற ஆய்வாளர், ஒரே வேகத்தில் நகரும் பட்டைகளின் கறுப்பு வெள்ளை வேறுபாட்டை, அதாவது கான்ட்ராஸ்ட்டைக் குறைத்தால், அவை மெதுவாக நகர்வதுபோல் தோன்றும் என்று காட்டினார். 1998இல் ராபர்ட் ஸ்னோடன் குழுவினர் கணினியில் உருவாக்கிய சாலைக்காட்சியில் ஆட்களை ஓட்டச் செய்தபோது, காட்சி மங்க மங்க அவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். மூடுபனியில் ஓட்டுநர்கள் விரைவதற்குக் காரணம் கண்ணின் இந்த ஏமாற்றம்தான் என்ற விளக்கம் இங்கிருந்து பரவியது.

2012இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பாவ்லோ பிரெட்டோவும் உடனிருந்தோரும் படம் வரையும் விதத்தையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். உண்மையான மூடுபனி எல்லாவற்றையும் ஒரே அளவில் மங்கலாக்குவதில்லை. கைக்கெட்டும் தூரத்துத் தேயிலைச் செடி தெளிவாகத் தெரியும்போதே எதிர்ச்சரிவின் சில்வர் ஓக் மரங்கள் முழுவதுமாக மறைந்துவிடுவதை மலையில் வாழ்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அக்குழுவினர் தூரம் பாராமல் எல்லாவற்றையும் ஒன்றாக மங்கலாக்கியபோது, வேகம் குறைவாகத் தோன்றும் என்ற பழைய முடிவே கிடைத்தது. தூரம் கூடக் கூட மங்கல் கூடும்படி வரைந்தபோதோ வேகம் கூடுதலாகத் தோன்றியது. ஓட்டியவர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்தார்கள். பிறகு இயற்கையில் எங்கும் இல்லாத தலைகீழ் மூடுபனி ஒன்றை, அதாவது அருகில் மங்கலாகவும் தொலைவில் தெளிவாகவும் இருக்கும் காட்சியை உருவாக்கினார்கள். அதில் வேகம் மறுபடியும் குறைவாகத் தோன்றியது. நாம் முன்னோக்கிச் செல்லும்போது அருகிலுள்ள சாலை கண்ணில் விரைவாகவும் தொலைவிலுள்ளது மெதுவாகவும் நகர்கிறது என்பதால், இவற்றில் எந்தப் பகுதி தெளிவாக எஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே மூளை தன் வேகக் கணக்கைப் போடுகிறது.

இதனால் மூடுபனியில் ஓட்டுவது ஆபத்தற்றது என்று ஆகிவிடாது. எதிரே வருவது தெரியும் தூரம் எப்படியும் சுருங்கத்தான் செய்கிறது.

[காட்சி: திரையின்மீது ஒளிமானியை வைத்து அளக்கும் கைகள்.]

நிரல் எழுதியதும் சோதனை தொடங்கிவிடுவதில்லை. சாதாரணக் கணினித் திரைக்கு 100 என்ற எண்ணுக்குப் பதில் 200 என்று கொடுத்தால் வெளிச்சம் இரு மடங்காவதில்லை. அதைவிட மிகுதியாகவே கூடும். எனவே ஒளிமானியைத் திரையில் பொருத்தி, ஒவ்வோர் எண்ணுக்கும் வரும் வெளிச்சத்தை அளந்து, அட்டவணையிட்டுத் திருத்த வேண்டும். சலிப்பூட்டும் இந்த வேலை பெரும்பாலும் ஆய்வு உதவியாளருக்கோ புதிதாகச் சேர்ந்த மாணவருக்கோ வந்து சேரும். அளவீடு பிழைத்தால் கான்ட்ராஸ்ட் என்று கட்டுரையில் எழுதும் எண்ணுக்கே பொருள் இல்லாமல் போய்விடும். ஒவ்வோர் ஆய்வகமும் இதையெல்லாம் அடியிலிருந்து எழுதத் தேவையில்லாதபடி, டேவிட் பிரெய்னார்டும் டெனிஸ் பெல்லியும் 1997இல் விவரித்து வெளியிட்ட சைக்கோபிசிக்ஸ் டூல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் இன்றும் பயன்படுகிறது.

கருவி செய்பவர்களின் இடமும் பெரிது. பூனையின் மூளையில் தனி நரம்பணு ஒன்றின் மின்துடிப்பைப் பதிவு செய்ய டேவிட் ஹியூபெல் டங்ஸ்டன் கம்பியைக் கொண்டு மின்முனையைத் தாமே உருவாக்கினார். அவரும் டார்ஸ்டன் வீசலும் கண்ணாடிச் சில்லில் இருந்த புள்ளியைக் காட்டிக் காட்டிப் பார்த்தும் மசியாத ஒரு நரம்பணு, சில்லைக் கருவிக்குள் செருகும்போது நகர்ந்த அதன் விளிம்பின் நிழலுக்குப் படபடவெனத் துடித்தது. நோபல் பரிசு 1981இல் வந்தது. விலங்குகளைக் கொண்டு செய்யும் ஆய்வுகளில் கால்நடை மருத்துவரும் பராமரிப்பாளரும் இன்றியமையாதவர்கள். இந்தியாவில் இவ்வாய்வுகள் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கண்காணிப்பில் நடக்கின்றன.

[காட்சி: இருண்ட அறையில் திரை முன் அமர்ந்திருக்கும் ஒருவர். விரல்கள் இரண்டு பொத்தான்களின்மேல்.]

இனி, ஊழியர் பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர்: பங்கேற்பாளர். அவர் இருட்டில் அமர்ந்து, முதலில் வந்தது விரைவா இரண்டாவது வந்தது விரைவா என்று நூற்றுக்கணக்கான முறை பொத்தானை அழுத்துகிறார். சில வேளைகளில் ஒரே ஒரு பங்கேற்பாளர் ஒரு துறையின் போக்கையே மாற்றிவிடுகிறார். 1983இல் ஜோசப் ட்ஸீல் குழுவினர் விவரித்த, எல்.எம். என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஜெர்மானியப் பெண்மணிக்கு மூளையின் இரு பக்கங்களிலும் ஏற்பட்ட பாதிப்பால் அசைவு தெரியாமல் போனது. நிறமும் வடிவமும் தெரிந்தன. ஆனால் கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது பனிப்பாறைபோல் உறைந்து நிற்பதாகவே தோன்றும். மட்டம் உயர்வது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்பது அவருக்குப் புரியாது. சாலையைக் கடக்கப் போனால் தொலைவில் நின்ற கார் திடீரென்று அருகில் இருக்கும். இரைச்சல் கூடுவதைக் கேட்டு வண்டியின் நெருக்கத்தை மதிப்பிட அவர் பின்னர் பழகிக்கொண்டார். அசைவைக் காண்பது நிறத்தையும் வடிவத்தையும் காண்பதிலிருந்து பெருமளவு தனித்து நடக்கும் வேலை என்பதற்கு அவருடைய பொறுமையான பதில்களே வலுவான சான்றாயின.

[காட்சி: ஒப்புதல் படிவம், பேனா.]

இத்துறைக்கு இயற்பியல், உளவியல், பொறியியல், மருத்துவம், கணினி அறிவியல் எனப் பல வாசல்கள் வழியாக ஆட்கள் வருகிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நரம்பியலுக்கென்றே தனி மையம் இருக்கிறது. பங்கேற்பாளராகச் செல்வதற்கோ பட்டம் எதுவும் வேண்டாம். வழக்கமாகக் கண்ணாடி அணிபவர் அதை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். ஒப்புதல் படிவத்தை முழுவதும் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலேயே எழுந்து வந்துவிடும் உரிமை அந்தப் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.