வெட்டிப்போட்ட மூச்சு

வணக்கம் நேயர்களே. டிஜிட்டல் வந்தப்புறம் மீடியா, வேலை, வீடு எல்லாம் எப்படி மாறிப்போச்சுன்னு பேசக் கூப்பிட்டிருக்காங்க. தலைப்பு பெருசு, கொடுத்த நேரம் அஞ்சே நிமிஷம். அதனால நான் ஒரே ஒரு சமாச்சாரத்தைப் பிடிச்சுக்கறேன், மூச்சு. யோகா இல்லீங்க, பேசுறப்போ நடுவுல இழுக்கிறோமே, அந்த மூச்சு.

நான் ஒலிப்பதிவு வேலைக்கு வந்தப்போ ஸ்பூல் டேப்தான், சக்கரத்துல சுத்தின ஒலிநாடா. ஒரு வார்த்தைய எடுக்கணும்னா டேப்பைக் கையால முன்னயும் பின்னயும் உருட்டி, அது எங்க ஆரம்பிக்குதுன்னு காதாலயே கண்டுபிடிச்சு, மெழுகுப் பென்சில்ல கோடு போட்டு, பிளேடால சரிவா வெட்டி, ரெண்டு முனையையும் சேர்த்து ஒட்டணும். டேப் செகண்டுக்கு ஏழரை இன்ச் ஓடும். அப்போ அரை செகண்ட் மூச்சுன்னா கிட்டத்தட்ட நாலு இன்ச். மூச்சை ஸ்கேல் வெச்சு அளக்கிற தொழில் எங்களது, பாத்துக்கோங்க.

சேர்ந்த புதுசுல ஒரு பெரியவரோட பேட்டியைக் கொடுத்து, ஒரு நிமிஷம் கூடுது, குறைச்சுக் கொடுன்னாங்க. அவர் சொன்னதுல எதையும் வெட்ட எனக்கு மனசு வரல. மூச்சைத்தானே வெட்டினா யாருக்குத் தெரியப் போகுதுன்னு ஒண்ணுவிடாம வெட்டித் தள்ளிட்டேன், கீழ தரையெல்லாம் பழுப்புக் கலர்ல சுருள் சுருளாக் கிடக்கு. சீனியர் வந்து கேட்டாரு. "ஏம்பா, இந்த மனுஷனைத் தண்ணிக்குள்ள முக்கி வெச்சா பேட்டி எடுத்த?"ன்னாரு. எனக்கும் அப்பத்தான் உறைச்சுது, கேக்கும்போதே நமக்கு நெஞ்சை அடைக்குது.

சரி, திரும்ப ஒட்டுன்னுட்டாரு. தரையில கிடக்கிற துண்டுல எந்த மூச்சு எந்த இடத்துதுன்னு பாத்தா தெரியுமா? எல்லாம் ஒரே பழுப்பு ரிப்பன். செத்துப்போன அண்ணனைப் பத்திப் பெரியவர் பேசுற இடம், அதுக்கு முன்னாடி கைக்குக் கிடைச்ச ஒரு மூச்சை ஒட்டிப் போட்டுக் கேட்டா, மனுஷன் சிரிக்கப் போற மாதிரி இருக்கு! அது வேற எங்கயோ சிரிக்கிறதுக்கு முன்னாடி இழுத்த மூச்சு. சரியான துண்டு எங்க இருந்துச்சு தெரியுமா, என் செருப்புக்கு அடியில ஒட்டிக்கிட்டு. துடைச்சு ஒட்டினேன். லேசா ஒரு கரகரப்போட அப்படியே ஒலிபரப்பாச்சு.

இப்ப அந்த வேலைக்கு ஒரு பட்டன் போதும். இடைவெளி எல்லாத்தையும் சாஃப்ட்வேரே தேடி எடுத்துடுது. கேக்குறவங்களும் சும்மா இல்ல, வாட்ஸ்அப்ல 2021ல இருந்து வாய்ஸ் மெசேஜை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டலாம். பெத்த அம்மா பேசுறதையே அப்படி ஓட்டிக் கேக்கறோம், நானும்தான், பொய் சொல்லல.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. செல்போன்ல நாம பேசாம இருக்கிற நேரத்துல போன் ஒலியைத் தொடர்ந்து அனுப்பிக்கிட்டே இருக்காது, பேட்டரி மிச்சமாகும், நெரிசலும் குறையும். ஆனா அந்தப் பக்கம் சுத்தமா சத்தமே இல்லேன்னா, லைன் கட்டாயிடுச்சோன்னு "ஹலோ ஹலோ"ன்னு கத்த ஆரம்பிச்சுடுவோம். அதுக்காக இன்ஜினியர்கள் என்ன பண்ணாங்க, கேக்குறவர் போன்லயே ஒரு மெல்லிசான இரைச்சலை உண்டாக்கி விட்டாங்க. கம்ஃபோர்ட் நாய்ஸ்னு பேரு. அதாவது மௌனத்தை வெட்டி எடுத்துட்டு, அந்த இடத்துல மௌனம் மாதிரி ஒண்ணைச் செஞ்சு வெச்சிருக்கோம்!

வேலையிலயும் இதே கதைதான். டேப்பைத் திருப்பிச் சுத்த விட்டா ரெண்டு மூணு நிமிஷம் சும்மா நிக்கணும், அடுத்து என்ன வெட்டுறதுன்னு அப்பத்தான் யோசனையே வரும். இப்ப ஒரு நாள் வேலை அரை மணியில முடியுது. மிச்ச நேரம் எங்க போச்சுங்கறீங்க? இன்னும் அஞ்சு ப்ரோக்ராமைக் கையில கொடுத்துட்டாங்க. மெசேஜ்ல ப்ளூ டிக் விழுந்து பத்து நிமிஷம் ஆகிட்டா, பாத்துட்டு ஏன் பதில் இல்லன்னு கேள்வி வேற. மூச்சு விடுறதுக்கே விளக்கம் சொல்லவேண்டியிருக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுறாங்க, ஒரு நிமிஷமாம். ஏஐ குரல் பத்தித்தான் நிறையப் பேசணும்னு எழுதிட்டு வந்தேன், ரெண்டு பக்கம் இருக்கு, போகட்டும், ஒண்ணு மட்டும். 2016ல கூகுளோட டீப்மைண்ட் ஆளுங்க வேவ்நெட்னு ஒண்ணு செஞ்சாங்க, மனுஷக் குரல் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அதுவே பேசக் கத்துக்கிற மெஷின். அது பேசினப்போ அங்கங்க மூச்சு இழுக்கிற சத்தமும் தானா வந்துச்சு. பதிவுல இருந்ததால அதையும் சேர்த்துக் கத்துக்கிட்டுது. நுரையீரல் இல்லாதது மூச்சு விடுது, நாம வெட்டிக்கிட்டு இருக்கோம்.

நேரம் ஆயிடுச்சு. எடிட் பண்ணப் போற தம்பி, நேரம் கூடினா அந்த ப்ளூ டிக் புலம்பலைத் தூக்கிடுப்பா. மூச்சுல மட்டும் கை வெச்சிடாத. வணக்கம்.