கூடார முளையோடு வந்த கற்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சீர்காழிக்கும் பூம்புகாருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் பிறந்தவள் நான். 'கடல்கொண்ட ஊர்' என்ற சொல்லைப் பாட்டி மடியில் இருந்தபோதே கேட்டிருக்கிறேன். ஆனால் கடல்கொண்ட ஊர் ஒன்றை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது நம் கடற்கரையில் அல்ல. துருக்கியின் தென்கரையில், அபெர்லாய் என்ற இடத்தில்.

விடிகாலை நேரம். குளம்போல் அசையாத சிறு குடா. கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால், காலுக்குக் கீழே வீட்டுச் சுவர்களின் அடிவரிசை ஓடுகிறது. கல்லால் செய்த சவப்பேழை ஒன்று பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாக நிற்கிறது. அதன் மூடி கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி இருக்கிறது. கரையெங்கும் வெள்ளை வெள்ளையாக ஏதோ நொறுங்கிக் கிடக்க, கையில் அள்ளிப் பார்த்தேன். சங்குத் துண்டுகள். ரோமானியர் காலத்தில் முட்சங்கை உடைத்து ஊதாச் சாயம் எடுத்துப் பிழைத்த ஊர் அது. அந்தச் சங்குகளை உயிரோடு வைத்திருக்கக் கட்டிய தொட்டிகள் இன்றும் நீருக்கடியில் இருக்கின்றன. நிலநடுக்கங்கள் நிறைந்த கரை. நிலம் மெல்லத் தாழ, படகுத்துறை கடலுக்குள் போய்விட்டது. இன்றைக்கும் அபெர்லாய்க்குச் சாலை கிடையாது. படகில் வர வேண்டும், அல்லது நடந்து வர வேண்டும். நானும் என் தோழியும் நடந்து வந்தோம்.

நாங்கள் நடந்த பாதைக்கு 'லிசியப் பாதை' என்று பெயர். லிசியா என்பது அந்தக் கரைப் பகுதியின் பழைய பெயர். ஃபெத்தியே நகரின் பக்கத்திலிருந்து அந்தால்யா வரைக்கும் சுமார் 540 கிலோமீட்டர். துருக்கியில் குடியேறிய கேட் க்ளோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி பழைய ஆட்டுத்தடங்களையும் கோவேறு கழுதைப் பாதைகளையும் ரோமானியச் சாலைத் துண்டுகளையும் தேடி இணைத்து, 1999இல் நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டார். பாறையிலும் மரத்திலும் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடுகள் தீட்டியிருக்கும், அதுதான் வழி. சிவப்பில் பெருக்கல் குறி இருந்தால் வழி தவறிவிட்டோம் என்று பொருள்.

நான் அப்போது ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவி. உதவித்தொகையில் வாடகை போக மிஞ்சுவது கொஞ்சம். அந்தால்யாவுக்கு விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. விடுதி வாடகைக்குத்தான் வழியில்லை. அதனால் கூடாரம். துருக்கியில் செலவுத் தொகையைச் சொல்லிப் பயனில்லை. லிராவின் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. எங்கள் செலவு என்ன என்பதை மட்டும் சொல்கிறேன். ஊருக்கு ஊர் ஓடும் 'தொல்முஷ்' என்ற சிற்றுந்து, கிராமத்துக் கடையில் ரொட்டி, ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி, நாளைக்கு ஒரு வேளை எங்காவது பருப்பு சூப். அவ்வளவுதான். பெரிய நகரச் சிதைவுகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. சிறியவற்றில் பலவற்றுக்கு வாசலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஆட்டுமணிச் சத்தம் மட்டும்தான்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த உரைக்கு ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

பயணத்தின் மூன்றாம் நாள். பொழுது சாய்ந்துவிட்டது. பாதையை ஒட்டி ஒரு பழைய நகரம். எந்த நகரம் என்று சொல்லப் போவதில்லை. வேலி இல்லை, ஆள் இல்லை. இடிந்த சுவர் ஒன்றின் மறைவில் சமதரை இருந்தது. காற்றும் படாது, பாதையில் போகிறவர் கண்ணிலும் படாது. மறைந்து தங்குவதற்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று கூடாரத்தை விரித்தோம். முளைக்குச்சிகள் மண்ணில் எளிதில் இறங்கின. ஒன்று மட்டும் இறங்க மறுத்தது. கல்லை எடுத்து அடித்தேன். இறங்கிவிட்டது.

காலையில் பிடுங்கியபோது அந்த முளையோடு மண் கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது. அதில் மூன்று கற்கள் ஒட்டியிருந்தன. சுண்டுவிரல் நகத்தளவு, நாற்சதுரம். இரண்டு வெள்ளை, ஒன்று செந்நிறம். எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே வரிசை வரிசையாக அதே கற்கள் தெரிந்தன. அது தரை. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் பதித்த கோலத் தரை. ஆயிரத்து எத்தனையோ ஆண்டுகளாக மண்ணுக்குள் அலுங்காமல் இருந்ததை ஒரே இரவில் நான் குத்திப் பெயர்த்திருந்தேன்.

ஓடிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்ததை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கால் நகரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் சைக்கிளில் காவலாளி வந்தார். கற்களை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் திட்டவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, எந்த இடம் என்று விரலால் கேட்டார். மூன்றையும் அதே குழியில் வைத்து, மேலே மண்ணைத் தள்ளி, குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி உள்ளங்கையால் தட்டிவிட்டார். திட்டியிருந்தால்கூட இத்தனை நாள் மனத்தில் நின்றிருக்காது.

துருக்கியில் தொல்லியல் எல்லைக்குள் கூடாரம் அடிக்க அனுமதி கிடையாது. 1983ஆம் ஆண்டின் 2863ஆம் எண் சட்டப்படி, பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப் போவது குற்றம். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. இடிந்து கிடப்பது ஏற்கெனவே இடிந்துதானே கிடக்கிறது, ஒரு ராத்திரியில் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் தவறு. கண்ணுக்குத் தெரிகிற தூணும் சுவரும் கொஞ்சம். மீதி அத்தனையும் நாம் மிதிக்கிற மண்ணுக்கு அடியில், ஒரு சாண் ஆழத்தில் இருக்கிறது.

லிசியர்களே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மலைப் பக்கமெல்லாம் கல்லறைகள். மரவீட்டின் உத்தரம், சட்டம், கதவு எல்லாவற்றையும் அப்படியே பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பலவற்றில் கிரேக்க எழுத்தில் ஓர் அறிவிப்பு: இந்தக் கல்லறையைத் திறந்து வேறு ஆளை அடக்கம் செய்பவர் ஊருக்கு இவ்வளவு அபராதம் கட்ட வேண்டும், காட்டிக்கொடுப்பவருக்கு அதில் பங்கு உண்டு. நம் கோயில் கல்வெட்டுகளின் முடிவில், இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் செய்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எழுதியிருக்குமே, அது எனக்கு நினைவு வந்தது. எந்த ஊரானாலும் கல்லில் எழுதுகிறவனுக்குப் பின்னால் வருகிறவர்களைப் பற்றி அச்சம் இருந்திருக்கிறது.

அச்சம் வீண்போகவில்லை. லிசியாவின் தலையாய நகரம் சாந்தோஸ். பாரசீகப் படை முற்றுகையிட்டபோது, பெண்டு பிள்ளைகளையும் உடைமைகளையும் கோட்டைக்குள் வைத்துத் தீயிட்டுவிட்டு ஆண்கள் கடைசி ஆள்வரை போரிட்டு மடிந்தார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஏறத்தாழ கி.மு. 540இல் நடந்தது. கி.மு. 42இல் ரோமானியத் தலைவன் புரூட்டஸின் படை வந்தபோதும் ஊரைக் கொளுத்திக்கொண்டு மடிந்தார்கள். அதையும் தாண்டி நின்ற சிற்பங்களை 1840களில் சார்லஸ் ஃபெல்லோஸ் என்ற ஆங்கிலேயர் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார். இன்று சாந்தோஸில் உயரமான தூண் கல்லறை ஒன்றைச் சுற்றி இருப்பவை வார்ப்புப் பிரதிகள். அசல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நான் அதன்கீழ் நின்றபோது என் கையில் ஒட்டியிருந்த மூன்று கற்களைத்தான் நினைத்துக்கொண்டேன். கப்பலுக்கும் கூடார முளைக்கும் அளவில்தான் வேறுபாடு.

அன்று முதல் எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். சிதைவுகளுக்கு உள்ளே தங்குவதில்லை. பகலில் பார்ப்போம், மாலையில் வெளியேறிவிடுவோம். தங்குவது பக்கத்துக் கிராமத்து ஆலிவ் தோப்பிலோ வயல் வரப்பிலோ, அதுவும் கேட்டுக்கொண்டு. மறைந்து தங்குவது என்றால் யாருக்கும் தெரியாமல் தங்குவது என்று முன்பு நினைத்திருந்தேன். இரண்டு பெண்கள் ஊர்விட்டு ஊர் நடக்கும்போது அது புத்தியில்லாத காரியம். பாதையில் போகிறவனுக்குத் தெரியக் கூடாது. பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் எங்கள் கணக்கு.

கேட்பதற்கு மொழி வேண்டுமே என்பீர்கள். ஒரு சொல் போதுமாக இருந்தது: 'தெய்ஸே'. அம்மாவின் உடன்பிறந்தவள், நம்முடைய பெரியம்மா, சின்னம்மா. அப்பாவின் உடன்பிறந்தவளுக்கு வேறு சொல், 'ஹலா', நம் அத்தை. தாய்மாமனுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு ஒரு சொல். ஐரோப்பாவில் எல்லாரையும் ஒரே 'ஆன்ட்டி', 'அங்கிள்' கணக்கில் கேட்டுப் பழகிய காதுக்கு, உறவை இப்படிப் பிரித்து வைத்திருக்கும் மொழி வீட்டு வாசலுக்கே வந்த மாதிரி இருந்தது. முன்பின் தெரியாத கிழவியை 'தெய்ஸே' என்று கூப்பிட்டுக் கூடாரத்தையும் தோப்பையும் கையால் காட்டினால், பெரும்பாலும் முதலில் தேநீர் வரும். பிறகுதான் பதில் வரும்.

சித்திமா என்ற பழைய ஊரில் அப்படித்தான் தங்கினோம். அங்கே சிதைவும் கிராமமும் வேறு வேறல்ல. கிரேக்க எழுத்து வெட்டிய கல் வீட்டுச் சுவரில் இருக்கிறது, தூண் துண்டின்மேல் கோழி நிற்கிறது, சோளம் விளைகிற வயலுக்கு நடுவில் கல்லறை மாளிகை. மார்சியன் என்ற ரோமானியப் போர்வீரன் படையோடு போகும்போது நோய்ப்பட்டு இந்த ஊரில் பின்தங்கினானாம். இரண்டு சகோதரர்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்களாம். ஒரு நாள் வெளியில் படுத்துத் தூங்கியபோது கழுகு ஒன்று சிறகு விரித்து அவன்மேல் நிழல் பரப்பியதாம். கி.பி. 450இல் அதே மார்சியன் கான்ஸ்டாண்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், பேரரசன் ஆனான். தன்னை வைத்துப் பார்த்தவர்களை மறக்கவில்லை. கழுகு கதையாக இருக்கலாம். வழிப்போக்கனுக்கு அந்த ஊர் இடம் கொடுத்தது கதையில்லை. எங்களுக்கும் கொடுத்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் போங்கள். கோடையில் பாறை கொதிக்கும், தண்ணீர் வற்றிவிடும். நெருப்பு மூட்டவே கூடாது. அங்கே மலையெல்லாம் பிசின் நிறைந்த பைன் மரங்கள். 2021 கோடையில் துருக்கியின் தென்கரைக் காடுகள் எப்படி எரிந்தன என்பதை உலகமே பார்த்தது. நாங்கள் இரவுச் சாப்பாட்டைச் சூடாக்காமலே சாப்பிட்டோம், ஒன்றும் குறைந்துவிடவில்லை. வறண்ட ஓடைப் படுகை மணல் மெத்தைபோல் அழைக்கும். அதில் படுக்காதீர்கள், மலையில் மழை பெய்தால் இங்கே வெள்ளம் வரும். ஆட்டுமந்தைக் காவல் நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல் நில்லுங்கள். இடையரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள், அவர் ஒரு குரல் கொடுத்தால் நாய் திரும்பிவிடும். பதாரா கடற்கரை நீளமும் அழகும் கொண்டது, ஆனால் இரவில் அங்கே தங்கக் கூடாது. கடலாமைகள் கரையேறி முட்டையிடும் மணல் அது. கடலோர மாவட்டத்தில் பிறந்தவளுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பதாராவுக்குப் பக்கத்தில் பாதை ஒரு பழைய நீர்க்குழாயின் மேலேயே ஏறிப் போகிறது. பெரிய பெரிய கல்லை நடுவில் துளைத்து, ஒன்றின் வாய்க்குள் இன்னொன்றின் விளிம்பு பொருந்தும்படி செதுக்கி, வரிசையாக உயரமான சுவர்மேல் அடுக்கியிருக்கிறார்கள். ஒரு மலையிலிருந்து பள்ளத்தில் இறங்கிய தண்ணீர் தன் அழுத்தத்தாலேயே எதிர்ப்பக்கம் ஏறிவிடும். கல்லின் துளைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உட்புறத்தில் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவு விரலில் சொரசொரத்தது. காவிரித் தண்ணீரைக் கணக்குப் பார்த்து வளர்ந்த கைக்கு, அந்தச் சொரசொரப்பு எந்தச் சிற்பத்தைவிடவும் நெருக்கமாக இருந்தது.

அபெர்லாய்க்கு வருகிறேன். அங்கே எங்களுக்கு இடம் கொடுத்தது, கரையில் சிறிய தேநீர்க் கடை வைத்திருந்த ஒரு தெய்ஸே. சிதைவுகளிலிருந்து தள்ளி, தன் வீட்டுப் பக்கத்துக் காரோப் மரத்தடியைக் காட்டினாள். அதில் புளியங்காய் மாதிரி நீளமாகக் கரிய காய் தொங்கும், மென்றால் வெல்லம்போல் இனிக்கும். பணம் கொடுத்தோம், வாங்க மறுத்தாள். இரவுச் சாப்பாட்டை அவளிடமே வாங்கிச் சாப்பிட்டதற்குத்தான் காசு எடுத்துக்கொண்டாள்.

விடிகாலை நான் தண்ணீரிலிருந்து ஏறி வந்தபோது, அவள் வீட்டருகே குவிமாடம் போட்ட பழைய மழைநீர்த் தொட்டியில் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். கயிறு உரசி உரசிக் கல்விளிம்பில் வரிவரியாகத் தடம் விழுந்திருந்தது. எங்கள் ஊர்க் கிணற்றுமேடையிலும் அதே தடம் உண்டு. வாளியை மேலே இழுத்து எங்கள் பாட்டில்களை நிரப்பிக் கொடுத்தாள். பிறகு என்னை அழைத்து, தகர மூடியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். இருவருமாகத் தூக்கித் தொட்டியின் வாயை மூடினோம்.