நாலே நாலு டைல்!

வணக்கம் மக்களே. பின்னால் சமையலறைச் சுவரைப் பாருங்கள். வித்தியாசமாக ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் சொல்லாதீர்கள், மனசு உடைந்துவிடும்.

போன வீடியோவில் உளியும் கையுமாக நின்றேனே, அந்தப் பூப்போட்ட பழுப்பு டைல்கள் ஒழிந்தன. போகும்போது சுவர்ப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டுதான் போயின. திரும்பப் பூசி, காயவைத்து... அதை விடுங்கள். இப்போது வெள்ளை சப்வே டைல், ஆறுக்கு மூன்று அங்குலம். 1904-இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் சுவரில் இருந்த டைல் இது, பெயரும் அங்கிருந்துதான் வந்தது. பளபளப்பு எனக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும். ஆனால் அடுப்புக்குப் பின்னால் பிசுக்கு ஒரே துடைப்பில் போக வேண்டுமே!

விஷயத்துக்கு வருகிறேன். வெட்டும்போது உடையும், அதனால் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? நான் வாங்கவில்லை. அளவெடுத்துக் கச்சிதமாக வாங்கினேன். கடைசி வரிசையில், ஜன்னலுக்குப் பக்கத்தில், நாலு குறைந்தது.

ஓடிப்போய் இன்னொரு பெட்டி வாங்கினேன். அதே கம்பெனி, அதே பெயர். இரண்டை ஒட்டிவிட்டு நாலடி பின்னால் வந்து பார்த்தால், பல் கட்டியதுபோல் அந்த இரண்டு மட்டும் மஞ்சள் அடித்தன. பெட்டியைத் திருப்பினேன். ஷேட் எண் வேறு! ஒவ்வொரு தடவை சூளையில் சுடும்போதும் நிறம் துளி மாறுமாம், அதற்குத்தான் அந்த எண். நான் பார்த்தது விலையை மட்டும்.

அப்புறம் ஒரு யோசனை. மைக்ரோவேவ் மறைக்கும் இடத்தில் காலையில்தான் ஒட்டியிருந்தேன், பசை இன்னும் இறுகவில்லை. அங்கிருந்து நாலைப் பிடுங்கி, முதுகைச் சுரண்டிக் கழுவி ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். மஞ்சள்கள் மைக்ரோவேவுக்குப் பின்னால் போய்விட்டன. இனி அந்த மைக்ரோவேவை யாரும் நகர்த்தக் கூடாது. யாரும்!

ஐயோ, முதல் வரிசையைச் சொல்லவே இல்லையே. சமையல் மேடையை நம்பி அதன்மேல் நேராக அடுக்கிவிடாதீர்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், என் மேடை ஒரு முனையில் 4 மி.மீ. இறங்கியிருந்தது. கோடு போட்டு, அடி வரிசையை மட்டும் சரிவுக்கு ஏற்ப வெட்டினேன்.

டைல்களுக்கு நடுவே இடுக்கை நிரப்பும் பூச்சுதான் கிரவுட். நான் போட்டது பிசினால் ஆன எபாக்சி கிரவுட், இளஞ்சாம்பல். சிமென்ட் கிரவுட் கறையை உறிஞ்சும், எனக்கு அதன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்காது. ஆனால் எபாக்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உடனுக்குடன் துடைக்க வேண்டும், விட்டால் டைல்மேல் படலமாகப் பிடித்துக்கொள்ளும். மேடையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் வேண்டாம், ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் பசை. இரண்டும் ஒரே மாதிரி அசையாது, கிரவுட் என்றால் விரிசல் விட்டுவிடும்.

சரி, அந்த சுவிட்ச் பலகை ஏன் தொங்குகிறது என்று கேட்பீர்கள். டைல் ஒட்டியதும் சுவர் 8 மி.மீ. முன்னால் வந்துவிட்டது, பழைய திருகாணி எட்டவில்லை. நீளத் திருகாணி வாங்கப் போகிறேன். இந்தத் தடவை அளவு பார்த்து.