உலையில் குறையட்டும்

வணக்கம். 2023-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைக்கடிகாரங்களில் சிலவற்றை ‘கார்பன் சமநிலை’ கொண்டவை, அதாவது வெளியேற்றிய கரியமில வாயுவைக் குறைத்தும் ஈடுகட்டியும் கணக்கைச் சமன் செய்தவை, என்று விளம்பரம் செய்தது. தயாரிப்பில் வெளியேறும் கரியமில வாயுவில் பெரும்பகுதியை அவர்கள் உண்மையாகவே குறைத்திருந்தார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும். மிச்சத்தை மரங்கள் உறிஞ்சிக்கொள்ளும் என்று பராகுவே நாட்டு யூக்கலிப்டஸ் தோப்புகளைக் கணக்குக் காட்டினார்கள். ஜெர்மனியில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 2025 ஆகஸ்டில் பிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் அந்த விளம்பரத்தைத் தடுத்தது. ஏன்? தோப்பு நிலத்தில் முக்கால் பங்குக்குக் குத்தகை 2029-லேயே முடிகிறது. அப்புறம் அந்த மரங்கள் நிற்குமா, வெட்டுப்படுமா? காற்றில் கலந்த வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும்.

கார்பன் சமநிலைக்கென 2023 நவம்பரில் வெளியான ஐஎஸ்ஓ 14068-1 என்ற சர்வதேசத் தரநிலை ஒரு வரிசையைக் கேட்கிறது. முதலில் சொந்த ஆலையில் குறைக்க வேண்டும். குறைக்க முடியாத மிச்சத்துக்கு மட்டும் வெளியே ஈடுகட்டலாம். ஈடுகட்டியதாகச் சொல்லும் சான்றிதழை முதலில் வாங்கிவிட்டு உலையை அப்படியே விட்டுவைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2070-க்குள் நிகர பூஜ்யம், அதாவது வெளியேற்றுவதும் அகற்றுவதும் சமம், என்று 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அறிவித்தோம். அது தொலைவில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரியோ 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எஃகு போன்ற இறக்குமதிப் பொருள்களைச் செய்யும்போது வெளியேறிய வாயுவுக்கு விதிக்கும் கட்டணம் அது. இங்கே ஒரு டன் எஃகு செய்ய ஏறத்தாழ இரண்டரை டன் கரியமில வாயு வெளியேறுகிறது. உலக சராசரி இரண்டு டன்னுக்கும் கீழே. அந்த எல்லையில் மரம் நட்ட சான்றிதழ் செல்லாது. உலையில் வெளியேறியதுதான் கணக்கு. ஆனால் சொந்த நாட்டில் கார்பனுக்கு விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள்.

இந்த வரி அநியாயம் என்று டெல்லி சொல்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நிலக்கரி எரித்துச் செழித்தவர்கள் அவர்கள். இருந்தாலும் வரி நிற்கப்போவதில்லை.

2023-இல் மத்திய அரசு கார்பன் வணிகத் திட்டத்தை அறிவித்தது. ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு வாயு என்று வரம்பு வைக்கும் ஏற்பாடு அது. வரம்புக்குக் கீழே போன ஆலை மிச்சத்தைச் சான்றிதழாக விற்கலாம். மீறிய ஆலை வாங்க வேண்டும். வரம்பு தளர்வாக இருந்தால் யார் வாங்குவார்கள்? இங்கே கார்பனுக்கு விலை இல்லையென்றால் எல்லையில் கழிக்கவும் ஒன்றுமிருக்காது; பணம் ஐரோப்பியக் கஜானாவுக்குத்தான் போகும். கறாராக இருந்தால் அது இங்கேயே சுற்றி, பழைய உலையை மாற்றத் துணிந்தவருக்குக் கைகொடுக்கும். ஆகவே அரசிடம் கேட்கிறேன்: வரம்பை ஆண்டுதோறும் இறுக்குங்கள், ஆலைவாரியான கணக்கை மக்கள் பார்வைக்கு வையுங்கள்.