நாத்திகர்களோடு இணையத்தில் பேசலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இன்னைக்கு முதல் கேள்வி ஒரு தம்பி அனுப்பியிருக்கார். கொஞ்சம் நீளம், சுருக்கி வாசிக்கிறேன். "ஐயா, இணையத்துல ஒரு விவாதக் குழுவுல ஆறு மாசமா நாத்திகர்களோட பேசிட்டு வர்றேன். அவங்களைக் கிறிஸ்துவுக்குள்ள கொண்டுவரணும்னுதான் போனேன். ஒருத்தர்கூட மாறலை. ஆனா அதுல ஒருத்தர் எனக்கு நல்ல சிநேகிதர் ஆயிட்டார். சபையில இருக்கிறவங்க, அவிசுவாசிகளோட ஐக்கியம் வேண்டாம், உன் விசுவாசமும் போயிடும்னு சொல்றாங்க. நான் நிறுத்திடணுமா?"

சரி. முதல்ல அந்த வசனத்தைப் பார்த்துடுவோம், ஏன்னா எல்லாரும் அதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக", 2 கொரிந்தியர் 6:14. நுகம்னா என்ன? ரெண்டு மாட்டைச் சேர்த்துப் பூட்டுற கட்டை. பூட்டினதுக்கு அப்புறம் ஒண்ணு திரும்பினா இன்னொண்ணும் திரும்பித்தான் ஆகணும். அந்த மாதிரிப் பிணைப்பைப் பத்தித்தான் பவுல் பேசறார். இதே பவுல், இதே கொரிந்து சபைக்கு எழுதின முதல் நிருபத்துல, அஞ்சாம் அதிகாரத்துல, வெளியில இருக்கிறவங்களோட கலக்கவே கூடாதுன்னு நான் எழுதலை, "அப்படியானால் நீங்கள் உலகத்தைவிட்டு நீங்கிப்போகவேண்டியதாயிருக்குமே" அப்படிங்கறார். பத்தாம் அதிகாரத்துல இன்னும் ஒரு படி மேல போய், அவிசுவாசி ஒருத்தர் விருந்துக்குக் கூப்பிட்டா, போக மனசிருந்தா போய்ச் சாப்பிடுன்னே எழுதியிருக்கார். சாப்பிடலாம், ஆனா கமெண்ட் போடக் கூடாதுன்னு யாராவது சொன்னா, அது பவுலோட உபதேசம் இல்லை.

இப்ப என் கதையைச் சொல்றேன், அதுல உங்களுக்குப் பாதிப் பதில் இருக்கு. நானும் உங்களை மாதிரித்தான் போனேன். ஆத்துமா ஆதாயம் பண்ணப் போறேன்னு சொல்லிக்கிட்டேன். உள்ள இருந்தது என்னமோ ஜெயிக்கணும்ங்கிற வெறிதான், அது இப்பத்தான் தெரியுது. போன முதல் வாரத்துலயே ஒருத்தர் கடவுள் இல்லைன்னு எழுதியிருந்தார். நான் சுடச்சுட சங்கீதம் 14:1-ஐ எடுத்துப் போட்டேன். "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்." போட்டுட்டு, எத்தனை லைக் வருதுன்னு பார்த்துட்டு உக்காந்திருந்தேன்.

அவர்கிட்டேருந்து ஒரே ஒரு வரிதான் பதில் வந்துச்சு. "ஐயா, அந்தச் சங்கீதத்தை முழுசாப் படிச்சிருக்கீங்களா?"

அந்த மனுஷர் பன்னிரண்டு வருஷம் ஞாயிறு பள்ளியில படிச்சவர். எனக்கு அது அப்பத் தெரியாது. கோபத்தோடதான் வேதத்தைத் திறந்தேன். மூணு வசனம் தள்ளி நாலாவது வசனத்துல என்ன இருக்கு தெரியுமா? "அப்பத்தைப் பட்சிக்கிறதுபோல, என் ஜனத்தைப் பட்சிக்கிறார்களே." ஏழை ஜனங்களை முழுங்குறவனைப் பத்தின பாட்டு அது! எபிரெய மொழியில அந்த 'மதிகேடன்'ங்கிற வார்த்தை 'நாபால்'. 1 சாமுவேல் 25-ல அதே பேர்ல ஒரு ஆள் வர்றான், அபிகாயிலோட புருஷன். பெரிய ஆஸ்திக்காரன். தாவீதோட ஆளுங்க பசியோட வந்து நிக்கிறப்ப வாயில வந்தபடி பேசி வெறுங்கையோட அனுப்பினவன். அவன் நாத்திகன்னு எங்கயும் எழுதியில்லை. நெஞ்சு கல்லாப் போனவன், அவ்வளவுதான். சங்கீதக்காரன் சொல்ற மதிகேடன், யாரும் என்னைக் கணக்குக் கேக்கப் போறதில்லைன்னு இருதயத்துக்குள்ள சொல்லிக்கிட்டு மத்தவங்களை நசுக்குறவன். அவன் வாயால ஸ்தோத்திரம் சொல்லிட்டுக்கூட இருக்கலாம். இன்னொண்ணு, ரோமர் மூணாம் அதிகாரத்துல பவுல் இந்தச் சங்கீதத்தை எடுத்து யார் மேல வைக்கிறார்? எல்லார் மேலயும். யூதன், கிரேக்கன், நீங்க, நான்.

சரி, நேர்மையா ஆதாரம் கேட்டு எழுதின ஒருத்தர் மேல நான் அந்த வசனத்தை எறிஞ்சேனே, அதுக்கு வேதத்துல என்ன பேர்? நீதிமொழிகள் 18:13. "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்." புத்தியீனம் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு நீங்களே பார்த்துக்கோங்க. நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அப்படித்தான் எங்க பழக்கம் ஆரம்பிச்சுது.

நடுவுல ஒரு விஷயம், சொல்லாம விட மனசு வரலை. ஆதி கிறிஸ்தவங்களை ரோமர்கள் நாத்திகர்னுதான் திட்டினாங்க. அவங்க தெய்வங்களை வணங்கலை, சிலையும் வெச்சுக்கலை, அப்ப நாத்திகர்தானேன்னு. சிமிர்னா சபையோட கண்காணி பாலிகார்ப், ரெண்டாம் நூற்றாண்டு. அவரை அரங்கத்துல நிறுத்தி, "நாத்திகர் ஒழிகன்னு சொல்லு, விட்டுடறோம்"னு அதிபதி சொல்றார். கிறிஸ்தவங்களைச் சபின்னு அர்த்தம். அந்த வயசானவர் தன்னைக் கொல்லக் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கையை அசைச்சு, வானத்தைப் பார்த்து, "நாத்திகர் ஒழிக"ன்னார். கொன்னுட்டாங்க. அந்த வார்த்தையை அடுத்தவங்க மேல வசவா எறியறப்ப, அது ஒரு காலத்துல நம்ம நெத்தியில ஒட்டியிருந்த பேர்னு ஞாபகம் வேணும்.

அடுத்து நான் பண்ணின தப்பு, இதை நீங்களும் பண்ணிட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன். நாத்திகர்னா உள்ள ஏதோ காயம் இருக்கும்னு நமக்கு ஒரு முடிவு. சபையில யாராவது புண்படுத்தியிருப்பாங்க, இல்லேன்னா வீட்டுல ஒரு சாவு, கேட்ட ஜெபம் கிடைக்காத ஏமாற்றம். அப்படி இருக்கிறவங்க உண்டு, இல்லைன்னு சொல்லலை. ஆனா இந்தச் சிநேகிதர்கிட்ட நான் மாசக்கணக்கா அந்தக் காயத்தைத் தோண்டிக்கிட்டே இருந்தேன். அப்பா எப்படி, அம்மா எப்படி, போதகர் எப்படி. ஒரு நாள் அவரே எழுதினார். "எனக்கு ஒண்ணும் ஆகலை ஐயா. நல்ல வீடு, நல்ல சபை, போதகரை இன்னமும் எனக்குப் பிடிக்கும். ஒரு ராத்திரி ஜெபம் பண்றப்ப, நான் எனக்கே பேசிட்டிருக்கேன்னு தோணிச்சு. ரெண்டு வருஷம் அந்த நினைப்போட மல்லுக்கட்டினேன். போகலை. அவ்வளவுதான் என் கதை."

இதை ஏத்துக்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. காயம்னா மருந்து போடலாம். காயமே இல்லாதவர்கிட்ட நமக்கு என்ன வேலை? யோபுவோட சிநேகிதங்க பண்ணினதும் இதேதான். இவ்வளவு வேதனைன்னா உள்ள ஏதாவது மறைவான பாவம் இருந்தே ஆகணும்னு அவங்கள்ல ஒருத்தரான எலிப்பாஸ் முடிவு கட்டிட்டார். அவங்க முதல்ல நல்லாத்தான் ஆரம்பிச்சாங்க. ஏழு நாள் ராத்திரி பகலா ஒரு வார்த்தை பேசாம அவனோட தரையில உக்காந்திருந்தாங்க. வாயைத் திறந்ததுக்கு அப்புறம்தான் எல்லாம் கெட்டுது. கடைசியில கர்த்தர், "நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை"ன்னு அவங்களைத்தான் கடிஞ்சுக்கறார், கேள்வி மேல கேள்வி கேட்ட யோபுவை இல்லை.

அதனால, தம்பி, அவங்க எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. கடவுள் இல்லைன்னு அடிச்சுச் சொல்றவங்க இருக்காங்க. எனக்குத் தெரியலை, தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்ங்கிறவங்க இருக்காங்க. இவங்களுக்குன்னே தாமஸ் ஹக்ஸ்லிங்கிற விஞ்ஞானி 1869-ல ஆங்கிலத்துல ஒரு புது வார்த்தையே உண்டாக்கினார், நாம அறியொணாவாதம்னு சொல்றோம். இன்னும் சிலருக்கு இந்தக் கேள்வியே ஒரு பொருட்டில்லை. நான் இப்ப எல்லாம் முதல்ல ஒண்ணுதான் கேக்கறேன். "நீங்க நம்பாத அந்தக் கடவுள் எப்படிப்பட்டவர், கொஞ்சம் சொல்லுங்க." பாதி நேரம், அவங்க வர்ணிக்கிற கடவுளை நானும் நம்பறதில்லை! மீதிப் பாதி நேரம் என் கடவுளையேதான் சொல்றாங்க. அங்கதான் உண்மையான பேச்சு ஆரம்பிக்குது.

இது முக்கியம், கவனிங்க. நிறையப் பேர் அங்க புனைபெயர்ல எழுதறாங்க. வீட்டுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோட சபைக்கு வந்து உக்காந்திருப்பாங்க, பாட்டுக்கூடப் பாடுவாங்க. உங்களை நம்பி ஒருத்தர் அதைச் சொன்னா, அது உங்களோடயே இருக்கணும். நான் என்ன பண்ணினேன்? சிநேகிதர் தனியா எழுதினதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஜெபக் குறிப்புன்னு தலைப்புப் போட்டு, சபை வாட்ஸப் குழுவுல போட்டேன். அவர் மேல இருந்த அக்கறையிலதான் போட்டேன்னு இப்பவும் சொல்லிக்கலாம். ஆனா ஜெபக் குறிப்புங்கிற பேர்ல நம்ம சபைகள்ல எவ்வளவு புறணி நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுத்திச் சுத்தி அது அவர் காதுக்கே போயிடுச்சு. நாலு மாசம் என்னோட பேசலை. ஜெபம் பண்ணணுமா, கதவைப் பூட்டிக்கிட்டுப் பண்ணுங்க. அவர் பேர் கர்த்தருக்குத் தெரியும்.

ஒருத்தர்கூட மாறலைன்னு வருத்தப்பட்டீங்க. பொதுவுல, நூறு பேர் பார்க்க, எந்த மனுஷன் தம்பி "நீங்க சொன்னது சரி"ம்பான்? நீங்க சொல்லுவீங்களா? 1 பேதுரு 3:15 நமக்கு மனப்பாடம், "உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்". அதுக்கு முன்னாடி இருக்கிறதை வேகமாத் தாண்டிடறோம். "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்." கேக்கிறவங்களுக்குத்தான் உத்தரவு. கேக்காதவங்களுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாற்பது வரி எழுதச் சொல்லி பேதுரு சொல்லலை.

இணையம் வர்றதுக்கு முன்னாடியே இப்படி ஒரு உரையாடல் நடந்திருக்கு. சார்லஸ் டார்வினுக்கு அமெரிக்காவுல ஒரு சிநேகிதர், ஏசா கிரே, ஹார்வர்டுல தாவரவியல் பேராசிரியர். கிரே உறுதியான கிறிஸ்தவர். டார்வின் கொஞ்சம் கொஞ்சமா விசுவாசத்தை விட்டு விலகினவர், பின்னாடி 1879-ல ஒரு கடிதத்துல அந்த ஹக்ஸ்லியோட வார்த்தைதான் தனக்குப் பொருந்தும்னு எழுதினார். ரெண்டு பேரும் பெரும்பாலும் கடிதத்துலதான் பேச்சு. கப்பல்ல போய்ப் பதில் வர வாரக்கணக்குல ஆகும். 1860 மே மாசம் டார்வின் எழுதறார்: ஒரு வகைக் குளவியோட குஞ்சு, உயிரோட இருக்கிற கம்பளிப்புழுவுக்குள்ளயே இருந்து அதைத் தின்னு வளருது, அன்பும் சர்வ வல்லமையும் உள்ள கடவுள் வேணும்னே இதை இப்படிப் படைச்சார்னு என்னால நம்ப முடியலை. அதே கடிதத்துல, இது மனுஷ புத்திக்கு எட்டாத விஷயம், ஒவ்வொருத்தரும் தன்னால முடிஞ்சதை நம்பட்டும்னும் எழுதறார். கேலி இல்லை. கிரேயும் ஓடிப் போகலை. டார்வினோட கொள்கைக்காக அமெரிக்காவுல வாதாடினதே அவர்தான், அது கடவுள் நம்பிக்கைக்கு விரோதம் இல்லைன்னும் சேர்த்துச் சொன்னார். கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மாத்தலை. 1877-ல டார்வின் பூக்களைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார், அதை ஏசா கிரேக்குத்தான் சமர்ப்பணம் பண்ணினார்.

பூக்கள், பார்த்தீங்களா? கடவுளைத் தவிர அவங்களுக்குப் பேச வேற ஒண்ணு இருந்துச்சு. உங்க சிநேகிதரோட அப்படி ஏதாவது இருக்கா? எங்களுக்குச் சதுரங்கம். அந்த நாலு மாசம் கழிச்சு அவர் திரும்ப வந்ததே, "ஒரு ஆட்டம் போடலாமா"ன்னுதான்.

விசுவாசம் ஆட்டம் காணுமான்னா, காணும். பொய் சொல்லக் கூடாது. ஒரு தடவை அவர் கேட்டார், "அஞ்சு பேருக்காக ஜெபம் பண்றீங்க. ஒருத்தர் சுகமானார்னு மேடையில சாட்சி சொல்றீங்க. மத்த நாலு பேரை யார் எண்றது?" எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரலை. தயார் பதில் எத்தனையோ இருக்கு, தேவ சித்தம், விசுவாசக் குறைவுன்னு. எதையும் எழுதக் கை வரலை. பதில் தெரியலைன்னுதான் எழுதினேன். மாற்கு 9:24-ல, சுகமாக்கணும்னு பிள்ளையை இயேசுகிட்ட கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கதறறானே, அந்த வாரம் பூரா என் ஜெபம் அதுதான். விசுவாசம் போயிடலை. ஆனா எங்க சபையில சாட்சி சொல்ற முறை மாறிச்சு. இப்ப சுகமானவங்க பேரை வாசிக்கிறப்ப, சுகமாகாதவங்க, இறந்து போனவங்க, அவங்க பேரையும் சேர்த்து வாசிக்கிறோம். முதல் தடவை வாசிச்ச அன்னைக்கு ஒரு அம்மா எழுந்து நின்னு அழுதாங்க, அவங்க மகன் பேரை மூணு வருஷமா யாரும் சபையில சொல்லவே இல்லையாம்.

அதனால, சபையில கேட்டா, இந்தச் சிநேகம் நுகம் இல்லைன்னு கொரிந்தியர் முதல் நிருபத்துல நான் சொன்ன அந்த ரெண்டு இடத்தையும் காட்டுங்க. அந்தக் குழுவுல ஊரைக் கூட்டி நடக்கிற சண்டையை மட்டும் விட்டுடுங்க. சிநேகிதரை விடாதீங்க. உங்களுக்கே இருக்கிற சந்தேகத்தை மட்டும் தனியாச் சுமக்காதீங்க, சபையில நிதானமான பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க.

என் சிநேகிதர் இன்னும் விசுவாசத்துக்கு வரலை. போன வாரம் ரெண்டு ஆட்டமும் அவர்தான் ஜெயிச்சார். சரி, அடுத்த கேள்வி ஒரு சகோதரி உபவாசத்தைப் பத்திக் கேட்டிருக்காங்க.